நிறுவல் இல்லாத பக்கங்கள்

(கணித ஆசிரியர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட அரங்கு ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ராமானுஜனைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் இரண்டு கதைகளில் ஒன்றைச் சொல்லித் தொடங்குவது வழக்கம். நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் காட்டியது ஒன்று. கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டி ஏறி வந்த டாக்சியின் எண் 1729 என்பது மற்றொன்று. இரண்டும் உங்களுக்கு மனப்பாடம். அதனால் இன்று அந்த மனிதரைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அவர் விட்டுச் சென்ற நோட்டுப் புத்தகங்களை மட்டும் கையில் எடுத்துக்கொள்கிறேன். ஒரு பெரிய ஆக்கத்துக்குள் அதை ஆக்கியவரின் மரபு ஒளிந்திருக்கும் என்று இலக்கியத்தில் சொல்கிறோம். கம்பனைப் படிக்கும்போது ஆழ்வார்களின் குரல் காதில் விழுகிறது என்கிறோம். கணிதத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா? இரண்டும் இரண்டும் நாலு என்பதில் கும்பகோணத்து வாடை அடிக்குமா? அடிக்கும் என்பது என் கட்சி. ஆனால் அந்தக் காற்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிற திசையிலிருந்து வரவில்லை.

நோட்டுப் புத்தகங்கள் மூன்று. ஏறத்தாழ 1904 முதல், 1914-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறும் வரை எழுதியவை. 1957-இல் பம்பாயிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அவற்றை அப்படியே படம்பிடித்து இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. உரை இல்லை, குறிப்பு இல்லை, கையெழுத்து மட்டும். இரண்டாம் நோட்டில் 21 அதிகாரங்கள் ஒழுங்காக அமைந்திருக்கின்றன. முதல் அதிகாரம் மாயச் சதுரங்கள். பள்ளிக்கூடத்துப் பையனின் விளையாட்டு. அதைத் தாண்டியதும் வேகம் பிடிக்கிறது. முடிவிலித் தொடர்கள், தொடர் பின்னங்கள், தொகையீடுகள், நீள்வட்டச் சார்புகள் என்று பக்கம் பக்கமாக. மூன்று நோட்டிலும் சேர்த்து 3,000-க்கும் மேற்பட்ட முடிவுகள். நிறுவல்? எங்கோ சில இடங்களில் ஒரு வரி, அரை வரி. மற்றபடி எதுவும் இல்லை. அமெரிக்கக் கணிதர் புரூஸ் பெர்ன்ட் ஒவ்வொன்றுக்கும் நிறுவலைத் தேடி, பலவற்றைத் தானே உண்டாக்கி, 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். ஒருவர் எழுதிய விடைகளுக்கு வழிமுறை எழுதுவதிலேயே இன்னொருவரின் உழைப்பில் பெரும்பகுதி போயிற்று.

இங்கே ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். வழிமுறை இல்லாமல் விடையை மட்டும் எழுதி வைத்த பையனுக்கு நீங்கள் எத்தனை மதிப்பெண் போடுவீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.

நோட்டுகள் ஏன் இப்படி இருக்கின்றன? வழக்கமாகச் சொல்லும் விடைகள் இரண்டு. கிழக்கத்திய மனம் உள்ளுணர்வால் உண்மையைத் தொடும், மேற்கத்திய மனம் தர்க்கத்தால் படியேறும் என்பது ஒன்று. காகிதம் வாங்கக் காசில்லை, சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்துவிட்டு விடையை மட்டும் நோட்டில் ஏற்றினார் என்பது மற்றொன்று. இரண்டாவதில் உண்மை உண்டு. சிலேட்டும் முழங்கையும் அவரைப் பார்த்தவர்கள் சொன்னவை. ஆனால் மூவாயிரம் முடிவுகளுக்குக் காகிதம் கிடைத்தவருக்கு முக்கியமானவற்றுக்கு மட்டுமாவது நாலு வரி சேர்க்க இடம் இல்லாமல் போகாது. முதல் விடையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதன் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

என் விடை ஒரு புத்தகம். 1903-இல் ராமானுஜன் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தபோது, நண்பர்கள் அரசுக் கல்லூரி நூலகத்திலிருந்து அவருக்கு ஒரு நூலை எடுத்து வந்து கொடுத்தார்கள். ஜார்ஜ் ஷூப்ரிட்ஜ் கார் என்பவர் தொகுத்தது. தூய கணிதத்திலும் பயன்பாட்டுக் கணிதத்திலும் உள்ள அடிப்படை முடிவுகளின் சுருக்கம் என்று தலைப்பு. முதல் பகுதி 1880-இலும் அடுத்தது 1886-இலும் வந்தன. சுமார் 5,000 முடிவுகள், எண் போட்டு அடுக்கியவை. நிறுவல் என்று இருப்பது பெரும்பாலும் ‘இன்ன எண்ணைப் பார்க்க’ என்ற கைகாட்டிதான். இப்போது ராமானுஜனின் நோட்டைத் திறந்து பக்கத்தில் வையுங்கள். எண்ணிட்ட முடிவு, அதன் கீழ் கிளைத் தேற்றம், அதன் கீழ் எடுத்துக்காட்டு, அடுத்த எண். பக்கத்தின் முகவெட்டே அதுதான்.

யார் இந்தக் கார்? இங்கேதான் விஷயம் சுவையாகிறது. 19-ஆம் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜில் கணிதம் படிப்பதென்றால் ‘டிரைபாஸ்’ என்ற தேர்வை எழுத வேண்டும். தேறியவர்களைத் தர வரிசைப்படி அடுக்கிப் பட்டியல் போடுவார்கள். முதல் வகுப்பினர் ‘ராங்ளர்’. அவர்களில் முதலாமவர் ‘சீனியர் ராங்ளர்’. அந்தப் பட்டம் நாடு முழுக்கச் செய்தியாகும். 1854-இல் அதைப் பிடித்தவர் எட்வர்ட் ரூத். இரண்டாமிடம் யாருக்கு என்றால், பிற்பாடு மின்காந்தவியலுக்கே சமன்பாடு எழுதிய ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்லுக்கு. ரூத் அதன்பிறகு தனிப்பயிற்சி நடத்தி, 25-க்கும் மேற்பட்ட சீனியர் ராங்ளர்களைத் தயாரித்தார். கோச்சிங் சென்டர் நாமக்கல்லில் பிறந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கவனிக்கவும்.

கார் அந்த உலகத்தின் அடிமட்டத்தில் இருந்தவர். லண்டனில் ட்யூஷன் எடுத்தவர். நாற்பது வயதை நெருங்கும்போது கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேர்ந்து, 1880-இல் இரண்டாம் வகுப்பில் பன்னிரண்டாவதாகத் தேறினார். தன் மாணவர்களுக்காக எழுதி வைத்த குறிப்புகளைத்தான் நூலாக்கினார். நம் ஊர் வழக்கில் சொன்னால் அது ஒரு கோனார் உரை. கோனார் உரையை மட்டும் படித்துவிட்டு ஒருவன் கம்பனுக்கு நிகராகக் கவி எழுதினால் எப்படியிருக்கும்? கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. தேர்வுக்குப் போகிறவன் சூத்திரத்தை நினைவுபடுத்திக்கொள்ள உதவும் நூலை, தேர்வைப் பற்றிக் கவலைப்படாத ஒரு பையன் புதிர்ப் புத்தகமாக எடுத்துக்கொண்டான். ஒவ்வொரு எண்ணையும் தானே நிறுவிப் பார்த்தான். நிறுவிய கையோடு அடுத்ததைத் தானே உண்டாக்கினான். உண்டாக்கியதை எழுதி வைக்க வேண்டிய முறை எது என்று அவனுக்குக் காட்டியிருந்த மாதிரி ஒன்றே ஒன்றுதான்.

அதே தேர்வு மரபு இன்னொரு கையால் அவரைத் தள்ளிவிட்டதையும் சொல்ல வேண்டும். 1857-இல் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைந்தது சென்னைப் பல்கலைக்கழகம். அதன் எஃப்.ஏ. தேர்வில் கணிதத்தோடு மற்ற பாடங்களிலும் தேறியாக வேண்டும். கும்பகோணத்தில் உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் தேர்வு கைகொடுக்கவில்லை. ஒரு தேர்வுக் கைடு அவரை உண்டாக்கியது, ஒரு தேர்வு அவரை வேண்டாம் என்றது. இரண்டும் ஒரே சரக்குக் கப்பலில் வந்தவை.

இனி ஹார்டி. அவர் 1898 டிரைபாஸில் நான்காம் ராங்ளர். அந்தத் தேர்வுக்காகத் தன்னைப் பயிற்றுவித்த முறையை வாழ்நாள் முழுவதும் வெறுத்தவர். லவ் என்ற பேராசிரியரின் யோசனைப்படி பிரெஞ்சுக் கணிதர் ஜோர்தானின் பகுப்பாய்வு நூலைப் படித்தபோதுதான் கணிதம் என்றால் என்ன என்பதே தனக்குப் புரிந்தது என்றார். 1908-இல் வெளிவந்த அவருடைய பாடநூல், கறாரான நிறுவலை ஆங்கிலேய மாணவனுக்குக் கொண்டு சேர்த்தது. டிரைபாஸின் தரவரிசைப் பட்டியலை ஒழிக்கப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். 1909-ஓடு அது ஒழிந்தது. மூன்றரை ஆண்டு கழித்து, 1913 ஜனவரி 16 என்று தேதியிட்ட கடிதம் ஒன்று அவருக்கு வருகிறது. முழுக்க சூத்திரங்கள், நிறுவல் இல்லாமல். எந்தத் தேர்வு முறையை ஒழிக்க அவர் மல்லுக்கட்டினாரோ, அதன் பிள்ளை சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக உட்கார்ந்துகொண்டு அவருக்கே எழுதியிருந்தது.

ஹார்டிக்கு இது பிற்பாடு தெளிவாகவே தெரிந்தது. கார் நூலைப் பற்றி அவர் நிறையவே எழுதியிருக்கிறார். ராமானுஜன் இல்லாவிட்டால் அந்த நூலை எவரும் நினைத்திருக்க மாட்டார்கள் என்ற பொருளிலும் எழுதியிருக்கிறார். ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குப் போய்ச் சேர்ந்த 1914-ஆம் ஆண்டிலேயே கார் இறந்துபோனார்.

எழுதும் முறையோடு கார் நூலின் பிடி முடிந்துவிடவில்லை. அந்த நூலில் இருந்தது பழைய கணிதம். கோஷி, வையர்ஸ்ட்ராஸ் போன்றவர்கள் ஐரோப்பாவில் முடிவிலியைக் கையாள்வதற்குக் காவல் போட்டுவிட்டார்கள். எந்தத் தொடர் ஒருங்கும், எது விரியும் என்று பார்க்காமல் கை வைக்கக்கூடாது. அந்தக் காவல் கார் நூலுக்குள் சரியாக வந்து சேரவில்லை. ஆகவே கும்பகோணத்துப் பையனுக்கு உண்மையான அண்டைவீட்டுக்காரர்கள், 1783-இல் இறந்த ஆய்லரும் 1851-இல் இறந்த யாக்கோபியும்தான். 1, 2, 3 என்று எல்லா இயல் எண்களையும் முடிவில்லாமல் கூட்டினால் கழித்தல் பன்னிரண்டில் ஒன்று வரும் என்று அவர் எழுதினார். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் ஹில் என்ற பேராசிரியர், விரியும் தொடர்கள் என்ற படுகுழியில் பையன் விழுந்துவிட்டான் என்று 1912-இல் பதில் அனுப்பினார். படித்துப் பார்க்க ஒரு நல்ல நூலையும் சொன்னார், பெரிய மனிதர்தான். ராமானுஜன் ஹார்டிக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், இதைச் சொன்னால் என்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வழிகாட்டிவிடுவீர்கள் என்று கேலியாகக் குறிப்பிட்டார். ஆய்லர் உயிரோடு இருந்திருந்தால் திடுக்கிட்டிருக்க மாட்டார். அவர் இதே சந்தில் நடந்து போனவர்.

ஒருவரின் சாதனையில் மரபைத் தேடுவதைவிட, அவர் இடறிய இடத்தில் தேடினால் அது இன்னும் பளிச்சென்று தெரியும். பகா எண்கள் எவ்வளவு அடர்த்தியாக வருகின்றன என்பது பற்றி ராமானுஜன் சில முடிவுகளை ஹார்டிக்கு எழுதினார். தவறு. சாதாரணத் தவறு அல்ல. அழகான, கிட்டத்தட்ட சரியான தவறு. பகா எண்களின் ஒழுங்கின்மை முழுவதும் ரீமன் சார்பின் கலப்பெண் பூச்சியங்களில் மறைந்திருக்கிறது. ராமானுஜன் அந்தப் பூச்சியங்களே இல்லாததுபோல் கணக்குப் போட்டுவிட்டார். ஏன்? கலப்பெண் சார்புகளின் கோட்பாடு அவருக்குத் தெரியாது. கோஷியின் தேற்றத்தையே கேம்பிரிட்ஜுக்குப் போகும்வரை அவர் அறியவில்லை என்பது ஹார்டியின் கணிப்பு. நூலில் எங்கே ஓட்டை இருந்ததோ, சரியாக அந்த இடத்தில் மேதையும் கால் தவறினார். மாறாக, நீள்வட்டச் சார்புகளில் அவர் அசுரப் பாய்ச்சல் காட்டுகிறார். கார் அதைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. அங்கே வேறொரு நூல் அவர் கைக்கு வந்திருக்க வேண்டும் என்று ஹார்டியும் அவருடைய சக கணிதர் லிட்டில்வுட்டும் ஊகித்தார்கள். கிரீன்ஹில் எழுதிய ஒரு விசித்திரமான பாடநூலாக இருக்கலாம் என்றார்கள். கவனியுங்கள், சாமி கதை எதையும் நாடாமல் அவர்கள் தேடியது நூலகத்தை.

இனி அந்தக் கோபம். இந்திய மரபில் நிறுவல் கிடையாது, சூத்திரம் மட்டும்தான், ராமானுஜன் அந்த மரபின் கடைசிக் கொழுந்து என்று பெருமைப்படுபவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். பெருமை என்று நினைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய சொத்தை அவர்கள் தாரைவார்க்கிறார்கள் தெரியுமா? 14-ஆம் நூற்றாண்டில் கேரளத்துச் சங்கமகிராமத்தில் மாதவர் என்றொருவர் இருந்தார். பை என்ற எண்ணுக்கான முடிவிலித் தொடரை அவர் வழி வந்தவர்கள் அவர் பேரில் சொல்கிறார்கள். ஐரோப்பாவில் கிரெகரியும் லைப்னிட்ஸும் அதே தொடருக்கு வந்தது 17-ஆம் நூற்றாண்டில். அந்த வழியில் வந்த ஜ்யேஷ்டதேவர் 1530-ஐ ஒட்டி ‘யுக்திபாஷா’ என்ற நூலை எழுதினார். சமஸ்கிருதத்தில் அல்ல, மலையாளத்தில். சூத்திரத்தைச் சொல்லிவிட்டு நகர்கிற நூல் அல்ல அது. வில்லைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் கணக்கிட்டு, கூட்டி, இந்தத் தொடர் ஏன் வருகிறது என்று படிப்படியாகச் சொல்கிற நூல். நிறுவலுக்காகவே எழுதிய நூல்.

கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர் சார்லஸ் விஷ் 1830-களில் இந்தத் தொடர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். எவரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1940-களில்தான் சென்னையில் இருந்த சி.டி. ராஜகோபால் போன்றவர்கள் திரும்ப அதைக் கணிதர்களின் பார்வைக்குக் கொண்டு வந்தார்கள். அந்த ராஜகோபால்தான் பின்னாளில் சென்னையின் ராமானுஜன் கணித நிறுவனத்துக்கு இயக்குநராகவும் இருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு ஒரு வேடிக்கையான திருப்தி. மலைக்கு அந்தப்புறம், ராமானுஜனுக்கு உயிரான முடிவிலித் தொடர்களை நிறுவலோடு கையாண்ட மரபு இருந்தது. அவர் கைக்கு அது வரவில்லை. வந்தது லண்டன் ட்யூஷன் குறிப்பு. பிறந்த மண்ணின் மரபு ரத்தத்தில் ஊறி வரும் என்பார்கள். கணிதத்தில் அது தபாலிலும் நூலகத்திலும்தான் வருகிறது. தபால் வராத வீட்டில் மரபும் கிடையாது.

நம் திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடியைப் பற்றியும் கேட்பீர்கள். மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று என்று பின்னங்களைத் தலைகீழாக ஒப்பித்த பிள்ளைகள் வளர்ந்த ஊர்கள் இவை. ராமானுஜனுக்கு எண்களோடு இருந்த நெருக்கத்தை அங்கே கொண்டுபோய் முடிச்சுப் போட எனக்கும் ஆசைதான். நோட்டுப் புத்தகத்தில் அதற்கு இடம் இல்லை. ஆசையை ஆசையாகவே வைத்துக்கொள்வோம்.

அப்படியானால் வீடும் கோயிலும் வெறும் பின்னணித் திரைதானா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடியவர். நாமக்கல் நாமகிரித் தாயார் குடும்பத்துக்கு நெருங்கிய தெய்வம். கடல் தாண்டிப் போவதா என்ற கேள்விக்கும் விடை அந்தச் சன்னிதியிலிருந்து வந்ததாகத்தான் சொல்கிறார்கள். ஹார்டியோ கடவுளைச் சொந்த எதிரியாகப் பாவித்த நாத்திகர். எல்லா மதமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று ராமானுஜன் தன்னிடம் சொன்னதாக எழுதி, அவரையும் தன் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார். அக்ரகாரத்துக்கு ஒரு ராமானுஜன், கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரிக்கு ஒரு ராமானுஜன். சூத்திரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு நாமகிரி விடை ஆகாது. தெய்வம் கலப்பெண் பூச்சியங்களை மறந்திருக்காது. ஆனால் நிறுவாமலேயே ‘இது உண்மை’ என்று மையால் எழுதி வைக்கும் துணிச்சல் எங்கிருந்து வந்தது? ஹார்டியின் உலகத்தில் நிறுவாத தேற்றம் எவருக்கும் சொந்தமில்லை. இங்கே, தனக்கு அருளப்பட்டது என்று நம்பிய ஒருவருக்கு அந்தத் தயக்கம் தேவைப்படவில்லை. கார் எழுத்து முறையைக் கொடுத்தார். அதில் கூச்சமில்லாமல் பத்தாண்டு எழுதிக்கொண்டே போகிற நெஞ்சுரத்தைக் கார் கொடுத்திருக்க முடியாது.

பண்பாடு என்றதும் கோயிலை மட்டும் பார்ப்பது நம் வழக்கம். ராமானுஜன் ஏறிய வாசற்படிகளையும் பாருங்கள். தகப்பனார் துணிக்கடைக் குமாஸ்தா, வீட்டில் வறுமை. வேலையும் பட்டமும் இல்லாமல் 1910-இல் அவர் திருக்கோயிலூருக்குப் போய்ச் சந்தித்தவர் வி. ராமசாமி அய்யர், டெபுடி கலெக்டர், 1907-இல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். அங்கிருந்து சேஷு அய்யர், நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ், துறைமுக அலுவலகத்தின் நாராயண அய்யர். கடைசியில் 1912 மார்ச் முதல் தேதி, மாதம் 30 ரூபாய்க்குத் துறைமுகக் கணக்குப் பிரிவில் வேலை. ஒரு கதவு அடுத்த கதவைத் திறந்தது. எல்லாம் ஆங்கிலம் படித்த பிராமண அதிகாரிகளின் வீட்டுக் கதவுகள். அவர்களுடைய பெருந்தன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் இன்று இந்தக் கூட்டமே இல்லை. ஆனால் அதே ஆண்டுகளில் அதே காவிரிக்கரையில் வேறொரு தெருவில் அந்த மூளையோடு ஒரு பிள்ளை பிறந்திருந்தால், கல்லூரி நூலகத்திலிருந்து கார் நூலை அவனுக்கு யார் எடுத்து வந்து கொடுத்திருப்பார்கள்? ராமானுஜனின் மரபைப் பேசும்போது இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதிப்பது நேர்மையாகாது.

நாராயண அய்யருக்காக ஒரு வார்த்தை. அவரும் கணிதம் அறிந்தவர். அலுவலகம் முடிந்த பிறகு இருவரும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்து வேலை செய்வார்கள். இடையில் படிகளை எழுது, பிறருக்குப் புரிய வேண்டாமா என்று அவர் வற்புறுத்தியதாகச் சொல்கிறார்கள். நிறுவல் கேட்ட முதல் ஆள் ஹார்டி அல்ல. திருவல்லிக்கேணிக்காரர் ஒருவர் முந்திக்கொண்டார்.

இப்போது ஒரு எடுத்துக்காட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இரண்டு மரபுகள் ஒரே பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது அதில் தெரியும். 4 என்ற எண்ணை எத்தனை வகையாகப் பிரித்துக் கூட்டலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஐந்து வகை. 200-ஐ? 3,972,999,029,388 வகை. இதைக் கையால் கணக்கிட்டவர் பெர்சி மக்மஹோன். ராணுவ அதிகாரியாக ஒரு காலத்தில் சென்னையிலும் இருந்தவர். எந்த எண்ணுக்கும் இந்தத் தொகையைத் தரும் சூத்திரம் உண்டா என்பதே கேள்வி. 1918-இல் ஹார்டியும் ராமானுஜனும் சேர்ந்து எழுதிய கட்டுரை அதற்கு விடை தந்தது. அவர்களுடைய சூத்திரத்தில் எட்டு உறுப்புகளை எடுத்துக் கூட்டினால் மக்மஹோனின் எண்ணோடு 0.004 அளவுக்கு மட்டுமே வித்தியாசம்.

அந்தக் கட்டுரையின் உடம்பு முழுவதும் ஹார்டியின் ஊர்ச் சரக்கு. கலப்பெண் தளத்தில் ஒரு வட்டம், அதன்மேல் கோஷியின் தேற்றம். எந்தக் கருவி கையில் இல்லாததால் ராமானுஜன் பகா எண்களில் தவறினாரோ அதே கருவி. உயிர்? இவ்வளவு துல்லியமாக ஒரு சூத்திரம் இருந்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் ராமானுஜனுடையது. சூத்திரத்துக்குள் இருபத்துநாலில் ஒன்று என்று கழிகிற ஒரு விசித்திரமான பின்னத்தையும் அவர்தான் வைத்தார் என்று லிட்டில்வுட் எழுதியிருக்கிறார். அதை எப்படி ஊகித்திருக்க முடியும் என்று அவரே வியந்தார். பாதியில் நின்றிருக்க வேண்டிய வேலை அந்தப் பிடிவாதத்தால்தான் முடிந்தது.

கதை அங்கே நிற்கவில்லை. 1937-இல் ராடமாஹெர் என்ற கணிதர் அந்தச் சூத்திரத்தைச் சற்றே மாற்றினார். வித்தியாசமே இல்லாத துல்லியமான விடை வந்தது. அதைப் பற்றிப் பின்னாளில் நார்வே நாட்டுக் கணிதர் அட்லே செல்பெர்க் சொன்ன கருத்து எனக்கு மிகவும் முக்கியம். துல்லியமான சூத்திரம் உண்டு என்பதை ராமானுஜன் முதலிலேயே கண்டுகொண்டிருக்க வேண்டும். ஹார்டி அவரை முழுமையாக நம்பியிருந்தால் 1918-இலேயே அது வந்திருக்கும் என்றார் அவர். ராமானுஜனின் முதல் கடிதத்திலேயே அந்த வகைச் சூத்திரத்துக்கு அறிகுறி இருந்தது என்பது அவர் வாதம். கறாரான நிறுவல் மரபு தன்னால் நிறுவ முடிந்த எல்லையில் நின்றுவிட்டது. கார் நூலில் வளர்ந்தவருக்கு அப்படி ஒரு எல்லை தெரியாது. பகா எண்களில் அது அவரைக் கவிழ்த்தது. இங்கே அவர்தான் சரி. செல்பெர்க் சொன்னதை ஏற்காத கணிதர்களும் இருக்கலாம். நான் அவர் பக்கம்.

1919-இல் உடல் நலிந்து திரும்பிய ராமானுஜன் 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறந்தார், வயது 32. கடைசி ஓராண்டில் எழுதிய தாள்கள் கடல் தாண்டிப் போய், கை மாறி, கணிதர் வாட்சனின் காகிதக் கட்டோடு டிரினிட்டி கல்லூரியின் ரென் நூலகத்தில் முடங்கின. 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அங்கே அவற்றைக் கண்டெடுத்தார். 600-க்கும் மேற்பட்ட முடிவுகள். நிறுவல் கிடையாது.

இங்கே என் வாதத்துக்கே ஒரு சங்கடம் வருகிறது. ஐந்தாண்டு கேம்பிரிட்ஜில் இருந்தவர், நிறுவலோடு கட்டுரைகள் எழுதியவர், தேர்வு எழுதாமல் ஆய்வுக்காகப் பட்டம் பெற்றவர், ராயல் சொசைட்டி உறுப்பினர். ஊர் திரும்பியதும் ஏன் பழையபடி எழுதினார்? காய்ச்சலும் வலியும் ஒரு காரணம். ஆனால் அதே நாட்களில், 1920 ஜனவரியில், ஹார்டிக்கு அவர் எழுதிய கடைசிக் கடிதம் இருக்கிறது. போலித் தீட்டா சார்புகள் என்று தான் பெயரிட்ட புதுப் பொருளை அதில் அறிமுகம் செய்கிறார். அங்கே வாக்கியம் இருக்கிறது, விளக்கம் இருக்கிறது, எடுத்துக்காட்டு இருக்கிறது. பிறருக்கு எழுதும் முறையை ஹார்டியிடம் கற்றிருந்தார். தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் முறை பதினாறு வயதில் படிந்தது, அது மாறவேயில்லை.

அந்தக் கடிதத்தில் அவர் தந்த வரையறை ஹார்டியின் அளவுகோலில் முழுமையற்றது. 1935-இல் வாட்சன் லண்டன் கணிதச் சங்கத்தின் தலைமை உரையை அதற்கென்றே ஒதுக்கி, சில பண்புகளை நிறுவினார். ஆனாலும் இவை என்ன வகைப் பொருள்கள் என்பது பிடிபடவில்லை. 2002-இல் நெதர்லாந்தின் சாண்டர் ஸ்வேகர்ஸ், டான் ஸாகியரிடம் செய்த முனைவர் பட்ட ஆய்வில்தான் அது வெளிச்சமானது. ராமானுஜனின் ஒவ்வொரு சார்போடும் அவர் எழுதாத ஒரு பகுதியைச் சேர்த்தால், அது மட்டுச் சார்புகளின் ஒழுங்குக்குள் வந்து அமர்கிறது. அந்தச் சேர்க்கைக்கு வேண்டிய கருவிகள் ஜெர்மானியக் கணிதர்களின் வழியில், மாஸ், ஸீகல் போன்றவர்கள் கையில், ராமானுஜன் இறந்த பிறகு உருவானவை. அவை கும்பகோணத்திலும் இல்லை, 1914-இன் கேம்பிரிட்ஜிலும் இல்லை. சேத்துப்பட்டில் எழுதிய தாளைப் படிக்க மூன்றாவதாக ஒரு மரபு 82 ஆண்டு கழித்து வந்து சேர்ந்தது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். 1729-ஐத் தவிர.